கடலூர், புதுச்சேரிக் கரையில் கோடை முகாம்: விலையும் எடையும் குறைந்த கூடாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கோடை விடுமுறையில் ஓரிரு இரவுகள் வெளியில் தங்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களையும், பெரும்பாலும் கடற்கரையையும் அதை ஒட்டிய தோப்புகளையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மலைக்குப் போகிறவர்களுக்கான வேறுபாடுகள் தனியே ஒரு கேள்வியில் வருகின்றன.

கோடையில் மழையும் இல்லை, குளிரும் இல்லை. வெட்டவெளியில் பாய் விரித்துப் படுத்தால் போதாதா? கூடாரம் எதற்கு?

கொசு இல்லாத இடமாக இருந்தால் பாயே போதும் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் கழிமுகங்களை ஒட்டியும், உப்பனாற்றுக் கரையிலும், சுண்ணாம்பாற்றுப் பக்கத்திலும் சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் கொசு வந்துவிடும். உள்ளே தள்ளி முந்திரித் தோப்புகளுக்குப் போனால் தேள், பூரான், பாம்பு பற்றியும் யோசிக்க வேண்டும். ஆகவே இந்தப் பகுதியில் கோடைக் கூடாரத்தின் முதல் வேலை பூச்சியைத் தடுப்பது. இரண்டாவது வேலை, காலை ஆறு மணியிலிருந்து ஏறத் தொடங்கும் வெயிலை மறைப்பது. எப்போதாவது வரும் கோடை மழையிலிருந்து ஓரிரு மணி நேரம் காப்பது மூன்றாவது.

இந்த மூன்றையும் செய்யும்போது காற்றை அடைத்துவிடக் கூடாது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வரை நீளும் கத்திரி வெயில் நாள்களில், இந்தக் கரையில் இரவிலும் வெப்பம் 27, 28 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதற்கு வீசும் காற்றைத் தவிர வேறு வழியில்லை. கடைகளில் விற்கும் கூடாரங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மழையை எண்ணி வடிவமைக்கப்பட்டவை என்பதையும், நம் ஊர்க் கோடை கேட்பது அதற்கு நேர்மாறான ஒன்று என்பதையும் மனத்தில் பதித்துக்கொண்டால், கீழே உள்ள பதில்களில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

அப்படியானால் எந்த வகைக் கூடாரம் வாங்கலாம்? ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா?

ஒற்றைச் சுவர்க் கூடாரம் என்பது நீர்புகாத துணி ஒன்றாலேயே முழுவதும் தைக்கப்பட்டது. வாசலிலோ உச்சியிலோ மட்டும் சிறிய வலைச் சன்னல் இருக்கும். இணையத்தில் மிக மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். இரட்டைச் சுவர்க் கூடாரத்தில் உள்கூடு ஒன்று, அதன் மேல் கழற்றக்கூடிய மழைப்போர்வை ஒன்று என இரண்டு பகுதிகள் உண்டு.

நான் முதலில் வாங்கியது ஆரஞ்சு நிறத்தில் ஒற்றைச் சுவர்க் கூடாரம். மே மாதத்தில் ஓர் இரவு கடலூருக்குத் தெற்கே சவுக்குத் தோப்பு ஓரத்தில் அதை நிறுத்தி, கொசுவுக்குப் பயந்து வாசலை முழுவதும் மூடிக்கொண்டு படுத்தோம். நள்ளிரவுக்குப் பிறகு கையை உயர்த்தித் துணியைத் தொட்டபோது உள்பக்கம் முழுதும் ஈரமாக இருந்தது. மழையோ பனியோ பெய்யவில்லை. உள்ளே படுத்திருந்த இரண்டு பேரின் மூச்சும் வியர்வையும் வெளியேற வழியில்லாமல் துணியில் படிந்திருந்தன. விடியும்வரை வெளியே உட்கார்ந்து துண்டால் கொசு விரட்டிக்கொண்டிருந்தோம். அன்று முதல் ஒற்றைச் சுவர்க் கூடாரத்தை இந்தக் கரைக்கு நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

இரட்டைச் சுவரிலும் எல்லாம் ஒன்றல்ல. உள்கூட்டின் சுவர் பெரும்பகுதி வலையாக இருக்க வேண்டும். அடியில் ஒரு சாண் உயரம் வரை துணி இருந்தால் மணல் பறந்து வராது. அதற்கு மேல் எல்லாமே வலையாக இருப்பது நல்லது. உள்கூட்டை மழைப்போர்வை இல்லாமல் தனியே நிறுத்த முடிகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். சில வகைகளில் கம்பி மழைப்போர்வையோடு சேர்ந்திருக்கும். போர்வையைக் கழற்றினால் கூடாரமே சரிந்துவிடும். தெளிந்த வானம் உள்ள இரவில் வலைக்கூட்டை மட்டும் நிறுத்திப் படுப்பதுதான் கோடைக் கூடாரத்தின் முழுப் பயன் என்பதால், இந்த ஒரு வசதிக்காக நூறு, இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை. வாசல் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இருப்பதும் அவ்வளவே முக்கியம். ஏன் என்பதைத் திசை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கூடாரமே வாங்காமல், இருப்பதைக் கொண்டு மிகக் குறைந்த செலவில் ஏதாவது செய்துகொள்ள முடியுமா?

முடியும். உண்மையில் நான் இன்று அதிகம் பயன்படுத்துவது அதைத்தான்: ஒரு தார்ப்பாய், ஒரு கொசுவலை, கொஞ்சம் நைலான் கயிறு. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவத்தில் தோப்புக் காவலுக்குப் படுப்பவர்கள் நான்கு கழி நட்டு மேலே கீற்று வேய்ந்து, பக்கங்களைத் திறந்தே விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வெயிலுக்கு வேண்டிய வடிவம் அதுதான். கீற்றின் இடத்தில் தார்ப்பாயும், அதன் அடியில் கொசுவலையும் வைத்துக்கொண்டால் நம் கூடாரம் முடிந்தது.

தார்ப்பாய் வாங்கும்போது அதன் கனத்தை ஜிஎஸ்எம் என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். 12 அடிக்கு 9 அடி தார்ப்பாய் ஏறத்தாழ 10 சதுர மீட்டர். ஆகவே 90 ஜிஎஸ்எம் என்றால் 900 கிராம், 120 என்றால் 1.2 கிலோ, 200 என்றால் 2 கிலோ என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம். நெல் மூடவும் லாரியில் போர்த்தவும் பயன்படும் 200, 250 ஜிஎஸ்எம் வகைகளைக் கடைக்காரர் நல்லெண்ணத்தோடு பரிந்துரைப்பார். ஓரிரு இரவு முகாமுக்கு அந்தக் கனம் வேண்டாம். 90 ஜிஎஸ்எம் தார்ப்பாய் இரண்டு மூன்று கோடைகளுக்கு மேல் தாங்காது, வெயிலில் உரியத் தொடங்கும். ஆனாலும் அதன் விலைக்கு அது நியாயமான ஆயுள். சிலிக்கோன் பூசிய பாலியஸ்டர் விரிப்பு 3 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில் அரை கிலோவை ஒட்டியே இருக்கும், சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுக்குள் அடங்கும். விலை பல மடங்கு. நடந்தே மலையேறுகிறவர்களுக்கு மட்டும் அந்தச் செலவு பொருந்தும்.

கொசுவலையில் நான்கு மூலையிலும் கட்டும் பழைய வகையே நல்லது. பாலியஸ்டர் வலையாக இருக்கட்டும். பருத்தி வலை கனமாகவும், காற்றைத் தடுப்பதாகவும், ஈரம் பட்டால் உலராததாகவும் இருக்கும். இதன் ஒரே குறை அடிப்பக்கம் திறந்திருப்பது. வீட்டில் மெத்தைக்கு அடியில் செருகுவதுபோல் மணலில் செருக முடியாது. செருகினாலும் சிறு நண்டும் எறும்பும் வழி கண்டுபிடித்துவிடும். நான் எங்கள் தெருத் தையற்காரரிடம் கொடுத்து, ரெயின்கோட் தைக்கும் துணியில் 7 அடிக்கு 4 அடி தரை ஒன்றை வலையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டேன். தரையின் ஓரம் நான்கு விரல் உயரத்துக்கு மேலே மடிந்து நின்ற பிறகே வலை தொடங்க வேண்டும் என்று சொன்னபோது முதலில் அவருக்குப் புரியவில்லை. அட்டைப் பெட்டியின் மூடியைக் கவிழ்த்துக் காட்டியதும் உடனே பிடித்துக்கொண்டார். தார்ப்பாயையே தரையாகத் தைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஊசி போன வரிசையிலேயே தார்ப்பாய் கிழிந்துவிடும். வேறு துணி கிடைக்காவிட்டால் ஓரத்தை இரண்டாக மடித்து நாடா வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். நுழைவதற்கு ஒரு பக்கம் ஜிப் வைப்பதைவிட, வலையை ஒன்றின் மேல் ஒன்றாக ஓர் அடி அகலத்துக்குப் படியும்படி விட்டுவிடுவது மலிவு, பழுதாகவும் வழியில்லை.

தார்ப்பாய், தரை தைத்த வலை, கயிறு எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு 2 கிலோவுக்குள் அடங்கும். கடையில் வாங்கும் மலிவான இருவர் கூடாரமும் ஏறத்தாழ அதே எடைதான் அல்லது அதற்கும் மேல். காற்றோட்டத்தில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

'2 பேர்', '4 பேர்' என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்பலாமா?

தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் அத்தனை பேர் என்பதே அதன் பொருள். புழுக்கமான இரவில் அப்படிப் படுக்க யாராலும் முடியாது. இரண்டு பேருக்கு மூவர் கூடாரம், மூவருக்கு நால்வர் கூடாரம் என்று ஒரு படி கூட்டி வாங்குங்கள். உங்களில் உயரமானவரின் உயரத்தோடு ஓர் அடி சேர்த்து உள்நீளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எவ்வளவு எடை வரை சரி?

எதில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இருசக்கர வண்டியில் போகிறவர்களுக்கு எடையைவிட மடித்த நீளமே சிக்கல். இரண்டடிக்கு மேல் நீண்ட பை பின்னிருக்கையில் குறுக்கே நின்று, நெரிசலான சாலையில் யாரையாவது இடிக்கும். பேருந்தில் போய் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடப்பவர்களுக்கு ஆளுக்கு 2 கிலோ பெரிய பாரமல்ல. முதுகில் சுமந்து நாள் முழுதும் நடப்பதாக இருந்தால் ஆளுக்கு ஒன்றேகால் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீரே மூன்று நான்கு லிட்டர் சுமக்க வேண்டியிருக்கும், அதைக் குறைக்க முடியாது. இருவர் சேர்ந்து போகும்போது வலைக்கூட்டை ஒருவரும், போர்வையையும் கம்பியையும் மற்றவரும் பிரித்துச் சுமக்கலாம்.

கூடார உறையில் 1500 எம்எம், 190டி (190T) என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அவை என்ன?

எம்எம் கணக்கு நீர்த்தடுப்பைச் சொல்வது. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை கசியாமல் தாங்குகிறது என்பதே அந்த எண். கோடை மழைக்கு மேல்போர்வை 1500 எம்எம் இருந்தால் போதும். தரைக்கு அதைவிட அதிகம் வேண்டும், ஏனெனில் நம் முட்டியும் முழங்கையும் ஈர மண்ணில் துணியை அழுத்துகின்றன. 3000 எம்எம் அளவில் இருந்தால் நிம்மதி. எம்எம் எண்ணே அச்சிடாமல் 'வாட்டர்ப்ரூஃப்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வார்த்தையை நம்பாதீர்கள். தையல்களின் உள்பக்கத்தில் பளபளப்பான நாடா ஒட்டியிருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நாடா ஒட்டாத தையலில் தண்ணீர் சொட்டும்.

ஆங்கில D, T இரண்டையும் தமிழில் டி என்றே எழுதுவதால் ஒரு குழப்பம் உண்டு. D என்பது 'டெனியர்', நூலின் கனத்தைக் குறிக்கும். எண் கூடினால் துணி தடிக்கும், எடையும் ஏறும். 190T, 210T என்று T எழுத்தைப் பின்னால் போட்டு எழுதும் இன்னொரு கணக்கு, ஓர் அங்குலச் சதுரத்தில் நெடுக்கும் குறுக்குமாகச் சேர்த்து எத்தனை நூல்கள் என்ற நெசவு நெருக்கத்தைச் சொல்வது. விற்பவர்களே இரண்டையும் மாற்றிச் சொல்வதால், இந்த எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

நைலானா பாலியஸ்டரா என்றால் இந்தக் கரைக்குப் பாலியஸ்டர் என்பேன். நைலான் ஈரம் பட்டால் நீண்டு தொய்யும், இரவில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். வெயிலில் வலுவிழப்பதிலும் அது முந்திக்கொள்ளும்.

கம்பி ஃபைபர் கிளாஸில் இருந்தால் பரவாயில்லையா?

விலையைக் குறைக்க நினைப்பவர்கள் அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அலுமினியக் கம்பி எடை குறைவு, வளைந்தால் நிமிர்த்தலாம். ஃபைபர் கிளாஸ் நாளடைவில் நெடுக்காகப் பிளக்கும், அதன் சிம்பு விரலில் ஏறினால் எடுப்பது கடினம். ஒரு துண்டு பிளந்துவிட்டால் அதே தடிமன் உள்ள துண்டு வாங்கிக் கோக்கலாம். பயணத்தின் நடுவில் என்றால் பிளந்த இடத்தில் ஒரு சாண் மூங்கில் சிம்பை வைத்துத் துணி நாடாவால் இறுகச் சுற்றினால் ஓரிரு இரவு ஓடும்.

வலையின் கண் எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்?

ஓர் அங்குலச் சதுரத்தில் 156 கண் உள்ள வலை கொசுவைத் தடுக்கும். வீட்டுக் கொசுவலைகளில் இதுவே வழக்கமான அளவு. அதைவிட நெருக்கமான வலைகள் மணல் ஈ போன்ற நுண்பூச்சிகளையும் தடுக்கும், ஆனால் அதே அளவுக்குக் காற்றையும் தடுக்கும். கடலோர மணலில் 156 கண் வலையில் படுத்து எனக்குக் குறை தோன்றியதில்லை. சதுப்பு ஓரமாகத் தங்குகிறவர்கள் நெருக்கமான வலையை எடுத்துக்கொள்ளட்டும்.

மணலில் முளை நிற்பதே இல்லை. என்ன செய்வது?

கூடாரத்தோடு வரும் மெல்லிய இரும்பு முளைகளைக் கடல் மணலில் எவ்வளவு ஆழம் அடித்தாலும், கடற்காற்று எழுந்த பத்தாவது நிமிடத்தில் அவை வெண்ணெயில் குத்திய குச்சிபோல வெளியே வந்துவிடும். அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஆறு மஞ்சப்பை எடுத்துப் போங்கள்.

ஒவ்வொரு பையிலும் முக்கால் பங்கு மணல் நிரப்பி, காதுகள் இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் முடிந்துகொள்ளுங்கள். கூடாரத்தின் மூலையிலிருந்து கயிறு போகும் திசையில் நான்கடி தள்ளி, ஒரு முழ ஆழத்துக்குக் கையாலேயே குழி தோண்டுங்கள். மேல் மணல் உலர்ந்து சரியும். ஒரு சாண் இறங்கியதும் ஈர மணல் வரும், அது கரை சரியாமல் நிற்கும். பையை அந்த ஈர மணலில் படுக்கவைத்து, கயிறு வெளியே வரும் பக்கம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குச் சிறு வாய்க்கால் கீறிவிடுங்கள். இல்லையென்றால் கயிறு மேலே வளைந்து பையைத் தூக்கிவிடும். பிறகு மணலைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்குங்கள். ஒரு பையில் பத்து கிலோ மணல் இருந்தாலும், அதன் மேல் அழுத்தி நிற்கும் மணல்தான் உண்மையில் இழுவையைத் தாங்குகிறது. பை இல்லாதபோது ஒரு முழ நீளச் சவுக்குக் கட்டையின் நடுவில் கயிறு கட்டி அதே முறையில் குறுக்காகப் புதைக்கலாம். கிளம்பும்போது ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்து, குழியையும் மூடிவிட்டு வாருங்கள்; கரையில் ஓடும் பிள்ளைகளின் கால் அதில் சிக்கக் கூடாது.

தார்ப்பாயில் வளையம் பிய்ந்துவிட்டால், அந்த மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துத் தார்ப்பாயோடு சுருட்டி, கல்லின் கழுத்தில் கயிறு கட்டுங்கள். பிய்ந்த வளையத்தைவிட இது உறுதியாக நிற்கும்.

எந்த இடத்தில், எந்தத் திசை பார்த்து நிறுத்துவது?

இந்தக் கரையில் காற்று ஒரு நாளில் இருமுறை திசை மாறும். நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். இரவில் அது ஓய்ந்து, பின்னிரவில் மேற்கிலிருந்து நிலக்காற்று மெல்லப் புறப்படும். இடையில் வரும் அசைவற்ற இரண்டு மூன்று மணி நேரம்தான் கோடை முகாமின் கடினமான பொழுது. எதிரெதிர் வாசல்களைக் கிழக்கும் மேற்குமாக வைத்தால் இரண்டு காற்றும் குறுக்கே தடையின்றிப் போகும். நம் முன்னோர் மேல்காற்றுக்குக் 'கோடை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மே கடைசியிலும் ஜூனிலும் பகலில் அந்த மேல்காற்று வலுத்தால் கடற்காற்று பிற்பகல் வரை உள்ளே வர முடியாது. அத்தகைய நாளில் பகல் முழுதும் கூடாரத்துக்குள் இருக்கலாம் என்று திட்டமிடாதீர்கள்.

மே மாதத்தில் இங்கே காலை 5.45-ஐ ஒட்டிச் சூரியன் உதித்துவிடும். கிழக்கே மரமில்லாத வெறும் மணலில் ஏழு மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. ஆகவே அலைக்கு அருகில் அல்லாமல், சவுக்கு வரிசைக்கு மேற்கே சில அடி உள்ளே தள்ளி நிறுத்துவதே நல்லது. காலை நிழல் ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். தென்னைக்கு அடியில் வேண்டவே வேண்டாம். காய்ந்த மட்டை விழ எந்தக் காற்றும் தேவையில்லை. தார்ப்பாய்க்கும் வலைக்கும் இடையே ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். தார்ப்பாயின் நிறம் எதுவானாலும், அந்த இடைவெளியில் காற்று ஓடினால்தான் மேலே ஏறிய சூடு கீழே இறங்காது.

கரையைத் தேர்ந்தெடுக்கும்போது அது மீனவர்களின் வேலையிடம் என்பதை மறக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள்தான் நிற்கின்றன. ஃபைபர் படகுகள் விடியுமுன்னே கடலில் இறங்கும். படகு இழுக்கும் பாதையிலும், வலை உலர்த்தும் இடத்திலும், கரைவலை இழுக்கும் இடத்திலும் கூடாரம் நிற்கக் கூடாது. மாலையிலேயே குப்பத்தில் பெரியவர் ஒருவரிடம் போய், "ஐயா, இன்னைக்கு ராத்திரி இங்க தங்கலாமா, எந்தப் பக்கம் இருந்தா உங்களுக்கு இடைஞ்சல் இல்ல?" என்று கேளுங்கள். இடம் காட்டுவதோடு, அன்று அலை எதுவரை ஏறும் என்பதையும் சொல்வார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அந்தச் சொல் மிகவும் உதவும். காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும், பறவைகள் சரணாலயமான ஊசுடு ஏரியிலும் வனத்துறையின் அனுமதியின்றித் தங்கக் கூடாது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஏப்ரல், மே வரையிலும் அவை கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். கடல் பக்கத்து வெளிச்சத்தை நம்பியே அவை திசை அறிகின்றன. நாம் எரியவிடும் வெள்ளை விளக்கு அவற்றைக் கரைப்பக்கம் இழுத்துவிடும். இரவில் மங்கலான சிவப்பு விளக்கை, அதுவும் தேவைப்படும்போது மட்டும் போடுங்கள்.

தொங்கு ஊஞ்சலில் படுப்பது எப்படி?

புழுக்கத்துக்கு அதைவிட நல்ல படுக்கை இல்லை. முதுகுக்கு அடியிலும் காற்று ஓடும். ஆனால் கொசு அடியிலிருந்து துணி வழியாகவே கடிக்கும் என்பதால், ஊஞ்சலை முழுவதும் சுற்றிவரும் வலை வேண்டும். நம் சவுக்குத் தோப்புகளில் மரங்களை நான்கைந்து ஆண்டுகளில் வெட்டிவிடுவதால் இளமரங்கள்தான் அதிகம். தொடையளவுக்குக் குறைந்த மரத்தில் கட்டினால் அது வளையும், தோப்புக்காரருக்கு நட்டமும் ஆகும். அவரைக் கேட்டு, முற்றிய மரத்தில், அகல நாடாவால் கட்டுங்கள்.

திடீரென்று கோடை மழையும் இடியும் வந்தால்?

மழைக்குத் தார்ப்பாயின் ஒரு பக்கத்தைத் தரையை ஒட்டித் தாழ்த்திக் கட்டினால் போதும். கோடை மழை பெரும்பாலும் பலத்த காற்றோடு வந்து ஒரு மணி நேரத்தில் போய்விடும். மின்னல் வேறு விஷயம். எந்தக் கூடாரமும் மின்னலிலிருந்து காப்பாற்றாது. இடியோசை கேட்ட உடனே கூடாரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கான்கிரீட் கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடியோசைக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத் திரும்புங்கள். தனிமரத்தடியிலும், திறந்த மணல்வெளியிலும் நிற்காதீர்கள். வறண்டிருக்கிறதே என்று ஆற்றுப் படுகையில் கூடாரம் போடுவதும் ஆபத்து. மேற்கே எங்கோ பெய்த மழை இரவில் இங்கே வந்து சேரலாம்.

இதே கூடாரத்தைக் கல்வராயன் மலைக்கோ ஏற்காட்டுக்கோ எடுத்துப் போகலாமா?

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் நம் கரையைவிடப் பத்து டிகிரி வரை குறைவாக இருக்கும் என்று கணக்கிடலாம். அங்கே கோடையில் மாலை மழையும் அடிக்கடி வரும். ஆகவே தரையை ஒட்டி இறங்கும் முழு மழைப்போர்வை உள்ள இரட்டைச் சுவர்க் கூடாரமும், படுக்கும்போது போர்த்திக்கொள்ள ஒரு போர்வையும் வேண்டும். ஒரே கூடாரத்தை இரண்டு இடத்துக்கும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் முழு மழைப்போர்வையும் வலை உள்கூடும் சேர்ந்ததை வாங்கி, கரையில் மழைப்போர்வை இல்லாமல் பயன்படுத்தலாம்.

உள்ளே கொசுவர்த்தி ஏற்றலாமா? அடுப்பு?

இரண்டும் கூடாது. பாலியஸ்டர் துணியில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். மூடிய இடத்தில் அடுப்பெரித்தால் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கும். சமையலைக் கூடாரத்திலிருந்து பத்தடி தள்ளி, காற்றின் கீழ்ப்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பிறகு எப்படிப் பராமரிப்பது?

விலை குறைந்த கூடாரம் இரண்டு ஆண்டு உழைக்குமா, ஆறு ஆண்டு உழைக்குமா என்பதை இதுதான் முடிவு செய்கிறது. கடற்கரையிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்; சோப்புத்தூள் வேண்டாம். உப்பு படிந்தால் ஜிப் இறுகும், கம்பியின் இணைப்புகள் அரிக்கும். பிறகு நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயிலில் நாள் முழுதும் போட்டுவைத்தால் துணியின் ஆயுளை நாமே குறைக்கிறோம். மேலே உலர்ந்தாலும் தையலின் மடிப்புக்குள் ஈரம் இருக்கும். விரலால் தடவிப் பார்த்து அதுவும் போன பிறகே மடியுங்கள்.

ஓராண்டு மூட்டைகட்டிப் பரணில் போட்ட கூடாரத்தைத் திறந்தால் புளித்த வாடை அடிப்பதையும், துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் சிலர் பார்த்திருப்பீர்கள். துணியின் உள்பக்கத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன், ஈரமும் சூடும் சேர்ந்தால் சிதைந்து பிசுபிசுப்பாகும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இது வெகு விரைவில் நடக்கும். ஆரம்பித்துவிட்டால் திருப்ப முடியாது. இறுக்கமான உறையில் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாக இட்டு, காற்றோடும் அலமாரியில் வையுங்கள். பரணில் ஓட்டுச் சூடு இறங்கும் இடம் வேண்டாம்.

ஜிப் மூடியும் பிளந்து நிற்கிறதென்றால் பெரும்பாலும் பல் போகவில்லை, ரன்னர் தளர்ந்திருக்கிறது. சிறு குறட்டால் ரன்னரின் இரு பக்கங்களையும் சமமாக, மிக மெதுவாக ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் பை தைக்கும் கடையில் சில ரூபாய்க்கு ரன்னர் மாற்றித் தருவார்கள். மணல் ஏறி இறுகிய ஜிப்பைப் பழைய பல் துலக்கியால் துடைத்து, மெழுகுவர்த்தியை ஒருமுறை தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

பிறர் பயன்படுத்திய கூடாரத்தை வாங்கலாமா?

நேரில் பார்த்து வாங்குவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். பாதி விலைக்கு நல்ல கூடாரம் கிடைப்பது இந்த வழியில்தான். உறையைத் திறந்த உடனே முகர்ந்து பாருங்கள். மேலே சொன்ன புளித்த வாடை வந்தால் பேரம் பேசாமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அடுத்துத் தரையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகள் தெரியும். மேல்போர்வையின் உச்சியில், அதிக வெயில் பட்ட இடத்தில், இரண்டு கட்டைவிரலாலும் துணியை விரித்து இழுங்கள். காகிதம்போல் மொறுமொறுத்தால் அந்தத் துணி முடிந்துவிட்டது. ஒவ்வொரு ஜிப்பையும் முழுதும் திறந்து மூடி, கம்பிகளை ஒவ்வொரு துண்டாக விரலால் அல்லாமல் பழந்துணியால் தடவிப் பாருங்கள். சிம்பு இருந்தால் துணி நூல் அதில் மாட்டிக்கொள்ளும். வலையில் இருக்கும் சிறு கிழிசலுக்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அதை வீட்டில் ஊசி நூலால் பத்து நிமிடத்தில் தைத்துவிடலாம், விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கவும் அது உதவும்.